சொற்பொழிவுக்குப் பின் அரைமணி நேரம்

1931 ஜனவரி. வியன்னாவிலிருந்து வந்திருந்த ஃப்ரீட்ரிக் ஹயெக் என்ற முப்பத்தொரு வயதுப் பொருளியலாளர் கேம்பிரிட்ஜில் பேசினார். உலகப் பெருமந்தம் உச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த காலம். பிரிட்டனில் மட்டும் வேலையற்றோர் எண்ணிக்கை இருபது லட்சத்தைத் தாண்டியிருந்தது. கரும்பலகை முழுக்க முக்கோணங்களை வரைந்து முடித்தார் ஹயெக். அரங்கில் சத்தமே இல்லை. கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் கீன்ஸின் மாணவரான ரிச்சர்ட் கான் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். நாளைக்கு நான் கடைக்குப் போய்ப் புதிதாக ஓர் ஓவர்கோட் வாங்கினால் நாட்டில் வேலையின்மை கூடிவிடும் என்பதுதான் உங்கள் கருத்தா? ஆமாம் என்றார் ஹயெக். ஆனால் அது ஏன் என்று விளக்க நீளமான கணித வாதம் வேண்டும் என்று சொல்லிப் பலகையைக் காட்டினார்.

அன்று அங்கே இருந்த ஜோன் ராபின்சன் நாற்பது ஆண்டுகள் கழித்து அமெரிக்கப் பொருளியல் சங்கத்தில் ஆற்றிய உரையில் இதைச் சொன்னதால்தான் இந்தக் காட்சி நமக்குக் கிடைத்திருக்கிறது. அவர் கீன்ஸ் முகாமைச் சேர்ந்தவர் என்பதால் கொஞ்சம் உப்புக் கூட்டியும் சொல்லியிருக்கலாம். வேடிக்கை என்னவென்றால், ஏறக்குறைய இதே விஷயத்தை ஹயெக் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் நான்கு சொற்பொழிவுகளாக விரித்துப் பேசினார். அங்கே அவருக்குப் பேராசிரியர் பதவியே கிடைத்தது. ஓர் ஊரில் கேலிக்கு ஆளான பேச்சு, ரயிலில் ஒன்றரை மணி நேரத் தொலைவில் வேலையும் வாங்கிக்கொடுத்தது. மந்தகாலத்தில் அரசு செலவு செய்யலாமா, கூடாதா என்று இன்றைக்கும் நடக்கிற சண்டையின் இரண்டு பக்கங்களும் அந்தச் சில வாரங்களில் நேருக்கு நேர் நின்றன.

பல்கலைக்கழகம் வகுப்பறைக் கதவைத் திறந்து வைத்து, சமூகத்தையும் அரசின் கொள்கைகளையும் பற்றி ஊருக்குப் பொதுவாக ஒரு பேச்சு நடத்துகிறது. அதனால் யாருக்கு என்ன பயன்? மாணவர்களுக்குப் பாடத்திட்டம் இருக்கிறது, ஆய்வாளர்களுக்கு ஆய்விதழ்கள் இருக்கின்றன, அமைச்சர்களுக்குக் கோப்புகள் இருக்கின்றன. இவை மூன்றிலும் சேராத இந்தச் சடங்கை ஏறத்தாழ எல்லா நாட்டுப் பல்கலைக்கழகங்களும் விடாமல் நடத்திவருகின்றன. இதை ஆதரிப்பவர்கள் அறிவு மக்களைச் சேரும் வழி என்பார்கள். எதிர்ப்பவர்கள் பெரிய மனிதர்களுக்கு விரிக்கப்படும் சிவப்புக் கம்பளம் என்பார்கள். இரண்டுக்கும் சான்று உண்டு. நான் பார்த்தவரையில் இந்த வழக்கைத் தீர்க்கும் இடம் பேச்சு அல்ல, அதற்குப் பின் வரும் அரைமணி நேரம்.

இந்தக் கோணத்தைத் தந்தவர் ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர். 1917 நவம்பர் 7 அன்று, பெட்ரோகிராடில் போல்ஷெவிக்குகள் ஆட்சியைப் பிடித்துக்கொண்டிருந்த அதே நாளில், மியூனிக்கில் புத்தகக் கடையோடு ஒட்டிய ஒரு சிறிய அரங்கில், அறிவுத்துறையை வாழ்க்கைப் பணியாகக் கொள்வது பற்றி அவர் பேசினார். கூட்டத்தை ஏற்பாடு செய்தது பல்கலைக்கழகம் அல்ல, சுதந்திர மாணவர் அமைப்பு ஒன்று. ஆசிரியர் தன் அரசியலை வகுப்பறைக்குள் கொண்டுவரக் கூடாது என்று அவர் வாதாடினார். அதற்கு அவர் சொன்ன காரணம் நடுநிலை, பண்பாடு என்பது போன்ற பொதுவான ஒன்றல்ல. வகுப்பில் ஆசிரியர் பேசுவார், மாணவர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். தேர்வு எழுத வேண்டியவர் எதிர்த்துப் பேச முடியாது. எதிர்ப்பேச்சு எழ முடியாத இடத்தில் கட்சி கட்டுவது பொறுப்பற்ற செயல், அரசியல் பேச வேண்டுமென்றால் விமர்சனம் எழக்கூடிய பொதுவெளிக்குப் போங்கள் என்றார் வேபர். இதைச் சொல்ல அவர் வகுப்பறையைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதையும் கவனிக்கலாம். அடுத்த உரையை, அரசியலை வாழ்க்கைப் பணியாகக் கொள்வது பற்றி, 1919 ஜனவரி 28 அன்று, நகரத்தில் புரட்சி கொதித்துக்கொண்டிருந்தபோது, அதே மாணவர் அமைப்புக்காகப் பேசினார்.

வேபர் பிரித்த அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் நிற்பதுதான் பல்கலைக்கழகப் பொதுச் சொற்பொழிவு. பேசுபவருக்குப் பேராசிரியர் என்ற மதிப்பு உண்டு. கேட்பவருக்கு அவரிடம் வாங்க வேண்டிய மதிப்பெண் எதுவும் இல்லை. எழுந்து ஓவர்கோட் கேள்வி கேட்டால் யாரும் தேர்வில் தோற்கடிக்கப் போவதில்லை. ஆனால் கேட்க நேரமும் மைக்கும் கிடைக்கவேண்டும்.

இந்த இடைப்பட்ட இடத்தையே அடித்தளமாக வைத்து எழுந்த நிறுவனம் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் (எல்.எஸ்.இ.). அது பிறந்த கதையில் சமூக அறிவியலுக்கும் பணத்துக்கும் உள்ள உறவு ஒளிவுமறைவின்றித் தெரியும். டார்பி நகரத்து வழக்கறிஞர் ஹென்றி ஹண்ட் ஹட்சின்சன் 1894-ல் தற்கொலை செய்துகொண்டார். தன் சொத்தில் ஏறக்குறைய 20,000 பவுண்டை ஃபேபியன் சங்கத்தின் சோஷலிசப் பிரசாரத்துக்கும் பிற நோக்கங்களுக்கும் எழுதிவைத்திருந்தார். சங்கத்தின் தலைவர்களில் ஒருவரான சிட்னி வெப் அந்தப் ‘பிற நோக்கங்கள்’ என்ற வாசலைப் பிடித்துக்கொண்டார். பிரசாரத் துண்டறிக்கை அடிப்பதைவிடப் பொருளியலை ஒழுங்காகக் கற்பிப்பது நல்லது, உண்மைகள் தெரிந்தால் மக்கள் தாமாக நம் பக்கம் வருவார்கள் என்பது அவருடைய நம்பிக்கை. 1895 அக்டோபரில் பள்ளி தொடங்கியது. பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்காக மாலை வகுப்புகளும் சொற்பொழிவுகளும் நடந்தன. முதல் இயக்குநராக அமர்த்தப்பட்ட ஹியூவின்ஸ் சோஷலிஸ்ட் அல்ல, பின்னாளில் வெளிநாட்டுச் சரக்குகளுக்குச் சுங்கவரி போடச் சொல்லும் இயக்கத்துக்கே போனவர். செத்தவர் பணத்தைத் தவறாகச் செலவிடுகிறோம் என்று பெர்னார்ட் ஷா வெப்போடு சண்டை போட்டார். ஷா சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் வெப் அன்று விட்டுக்கொடுத்திருந்தால் இன்னொரு கட்சிப் பள்ளிதான் மிஞ்சியிருக்கும். பிறகு ஹயெக்குக்கு அங்கே இடமும் இருந்திருக்காது.

பொதுச் சொற்பொழிவு அரசின் கொள்கையை மாற்றுகிறதா என்ற கேள்விக்கு வருவோம். உடனடியாக மாற்றிய பேச்சு என்று எல்லாரும் காட்டுவது 1947 ஜூன் 5 அன்று ஹார்வர்டில் ஜார்ஜ் மார்ஷல் ஆற்றிய உரை. சில நிமிடங்களில் முடிந்த பேச்சு. பின்னால் 1300 கோடி டாலர் உதவி ஐரோப்பாவுக்குப் போனது. ஆனால் பேசியவர் அமெரிக்க வெளியுறவு அமைச்சர். முடிவு ஏற்கனவே வாஷிங்டனில் உருவாகியிருந்தது, ஹார்வர்ட் கொடுத்தது மேடையை மட்டும். இதைப் பல்கலைக்கழகப் பேச்சின் வெற்றியாகக் கணக்கில் எழுதுவது, கல்யாண மண்டபம்தான் பெண் பார்த்துக் கொடுத்தது என்று சொல்வதைப் போன்றது.

உண்மையான பேச்சுகளின் கணக்கு வேறு வேகத்தில் நடக்கிறது. சந்தையை அதன் போக்கில் விட்டுவிடும் காலம் முடிந்தது என்று கீன்ஸ் 1924-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பேசினார், 1926-ல் அது சிறு நூலாக வந்தது. வேலைவாய்ப்பை உயர்ந்த நிலையில் வைத்திருப்பது அரசின் பொறுப்பு என்று பிரிட்டிஷ் அரசு வெள்ளை அறிக்கையில் ஒப்புக்கொண்டது 1944-ல். நடுவில் ஒரு பெருமந்தமும் ஓர் உலகப் போரும் வர வேண்டியிருந்தது. டி.எச். மார்ஷல் என்ற சமூகவியலாளர் 1949-ல் கேம்பிரிட்ஜில் பேசியதோ தலைகீழ்க் கதை. பதினெட்டாம் நூற்றாண்டில் குடிமை உரிமை, பத்தொன்பதில் அரசியல் உரிமை, இருபதில் சமூக உரிமை என்று குடியுரிமை வளர்ந்த படிகளை அவர் வரிசைப்படுத்தியபோது பிரிட்டனில் தேசிய சுகாதாரச் சேவை ஏற்கனவே தொடங்கியிருந்தது. கொள்கை முன்னே போய்விட்டது, அது என்ன என்று சொல்ல விளக்கம் பின்னால் ஓடிவந்தது. மருத்துவமனையும் ஓய்வூதியமும் தர்மம் அல்ல, உரிமை என்று வாதாடும் எவரும் இன்றும் அந்த விளக்கத்தைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

எனக்குப் பிடித்த உதாரணம் 1979-ல் ஸ்டான்ஃபோர்டில் அமர்த்தியா சென் பேசியது. சமத்துவம் வேண்டும் என்கிறீர்கள், எதில் சமத்துவம் என்று கேட்டார். வருமானத்திலா, மனநிறைவிலா? கால் ஊனமான ஒருவருக்கும் மற்றவருக்கும் ஒரே வருமானம் கொடுத்தால் இருவரும் சமமாகிவிடுவார்களா? ஒரு மனிதரால் என்ன செய்ய முடிகிறது, எப்படி வாழ முடிகிறது என்பதை அளக்க வேண்டும் என்பது அவர் வைத்த பதில். தத்துவப் பேராசிரியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் விஷயம் போலத் தோன்றியது, பதினோரு ஆண்டுகள் கழித்து மஹ்பூப் உல் ஹக் முன்னின்று கொண்டுவந்த ஐ.நா.வின் மனித வளர்ச்சி அறிக்கைக்கு அடித்தளமானது. இன்று ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்து நாடுகளை வரிசைப்படுத்தும் பட்டியல் வெளியாகும்போது எந்த நிதியமைச்சராலும் அதைக் கண்டுகொள்ளாமல் இருக்க முடிவதில்லை. தன் கேள்வி இப்படி ஒரு பட்டியலில் போய் முடிவதில் சென்னுக்கே முழு உடன்பாடு இல்லை. மனித வாழ்வை ஒற்றை எண்ணில் அடைப்பது அவருக்கு உறுத்தியது. ஒற்றை எண் இல்லாவிட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பது ஹக்கின் வாதம். ஹக் சொன்னதுதான் நடந்தது.

தோற்ற பேச்சுகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 1939 ஜனவரி 29 அன்று புனேயின் கோகலே அரசியல், பொருளியல் நிறுவனத்தில் காலே நினைவுச் சொற்பொழிவை அம்பேத்கர் ஆற்றினார். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் 1921-ல் முதுநிலைப் பட்டமும் 1923-ல் அறிவியல் முனைவர் பட்டமும் வாங்கியவர் அவர். 1935-ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் முன்வைத்த கூட்டாட்சியை அன்று பிரித்துப் போட்டார். சமஸ்தானங்களிலிருந்து மக்கள் தேர்ந்தெடுக்காத, மன்னர்கள் நியமித்தவர்கள் மைய அவைக்கு வருவார்கள். அவர்கள் உள்ளே இருக்கும்வரை பிரிட்டிஷ் இந்திய மக்கள் சுதந்திரத்தை நோக்கி நகர முடியாது. ஆகவே இந்தக் கூட்டாட்சி வேண்டுமா, விடுதலை வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள் என்றார். அந்தப் பேச்சால் எதுவும் நிற்கவில்லை. செப்டம்பரில் போர் மூண்டது, கூட்டாட்சித் திட்டம் கிடப்பில் போடப்பட்டது, அவ்வளவுதான். ஆனால் அரசியல் சட்ட வரைவுக்குழுவின் தலைவராக அவர் உட்கார்ந்தபோது, ஒரு கூட்டாட்சியின் கட்டுக்கோப்பில் எங்கே ஓட்டை விழும் என்பதைப் பொதுமேடையில் ஏற்கனவே விவாதித்து முடித்தவராக இருந்தார். சொற்பொழிவு கேட்டவரை மாற்றுகிறதோ இல்லையோ, பேசுகிறவரைத் தன் வாதத்தை முழுசாகக் கட்டிமுடிக்க வைக்கிறது. அது சின்ன விஷயம் அல்ல.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவானது ஒன்று உண்டு: எல்லாமே அச்சில் வந்தன. இதை நம்மவர்கள் முன்பே புரிந்துகொண்டிருந்தார்கள். 1868-ல் இறந்த பிரசன்ன குமார் தாகூர் தன் உயிலில் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் சட்டச் சொற்பொழிவுகளுக்குப் பணம் ஒதுக்கினார். பேசியதை அச்சிட்டு இலவசமாகப் பிரதிகள் வழங்க வேண்டும் என்பதையும் நிபந்தனையாக எழுதிவைத்தார். சட்டம் படித்தவர் அல்லவா. அதே பல்கலைக்கழகத்தில் அசுதோஷ் முகர்ஜி தன் மகள் கமலாவின் நினைவாக ஒரு சொற்பொழிவை நிறுவினார். முதலில் பேசியவர் அன்னி பெசன்ட். அடுத்து 1926-ல் வலங்கைமான் வி.எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரி இந்தியக் குடிமக்களின் உரிமைகளும் கடமைகளும் பற்றிப் பேசினார். உரிமைகளை 1950-லும் கடமைகளை நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-லும் அரசியல் சட்டத்தில் எழுதிக்கொண்டோம். இரண்டையும் எந்தெந்தச் சூழ்நிலையில் எழுதினோம் என்பதைப் பார்த்தால் சாஸ்திரி என்ன சொல்லியிருப்பாரோ!

சிவப்புக் கம்பளம் என்று குற்றம் சாட்டுகிறவர்களின் தரப்புக்கு வலுவான சான்றும் எல்.எஸ்.இ.யில்தான் கிடைக்கிறது. அன்றைய லிபிய ஆட்சித் தலைவரின் மகன் சைஃப் கடாஃபி 2008-ல் அங்கே முனைவர் பட்டம் பெற்றார். மறு ஆண்டு அவருடைய அறக்கட்டளை 15 லட்சம் பவுண்டு நன்கொடை தருவதாக ஒப்புக்கொண்டது. அரபு உலகத்தை நன்கு அறிந்த பேராசிரியர் ஃப்ரெட் ஹாலிடே இது கூடாது என்று எழுத்து மூலம் எச்சரித்தார், யாரும் கேட்கவில்லை. 2010 மே மாதம் சைஃப் அங்கே பொதுச் சொற்பொழிவு ஆற்றினார். அந்தச் சொற்பொழிவு வரிசை ரால்ஃப் மிலிபாண்ட் என்ற மார்க்சிய அறிஞரின் பெயரால் நடப்பது என்பதைச் சொன்னால் கட்டுக்கதை என்பார்கள். டிசம்பரில் தந்தை கடாஃபியே திரையில் தோன்றிப் பேசினார். இரண்டு மாதம் கழித்து, 2011 பிப்ரவரியில், லிபியாவில் மக்கள் எழுந்தபோது சைஃப் தொலைக்காட்சியில் வந்து ரத்த ஆறு ஓடும் என்று மிரட்டினார். மார்ச் தொடக்கத்தில் எல்.எஸ்.இ. இயக்குநர் ஹோவர்ட் டேவிஸ் பதவி விலகினார். வூல்ஃப் பிரபு தலைமையில் நடந்த விசாரணை நிறுவனத்தின் தவறுகளை அந்த ஆண்டு இறுதியில் விரிவாகப் பட்டியலிட்டது.

இதிலிருந்து, கெட்டவர்களைப் பேச அழைக்கக் கூடாது என்ற முடிவுக்குப் பலர் போனார்கள். நான் போக மாட்டேன். அதிகாரத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு நிற்கவைத்துக் குறுக்குக் கேள்வி கேட்பது பல்கலைக்கழகம் செய்யக்கூடிய நல்ல காரியங்களில் ஒன்று. பேச வருபவரின் கருத்து பிடிக்கவில்லை என்பதற்காகப் பல்கலைக்கழகம் கதவடைக்கக் கூடாது என்று பிரிட்டனில் 1986-லேயே கல்விச் சட்டத்தில் எழுதிவைத்தார்கள். கடாஃபி விவகாரத்தில் கோளாறு வேறு: மேடையில் நிற்பவரிடமிருந்து பணம் வந்துகொண்டிருந்தது. அப்படிப்பட்டவரிடம் ஓவர்கோட் கேள்வி கேட்க எந்தக் கூட்டத் தலைவருக்கு நாக்கு எழும்? ஹட்சின்சன் பணமும் கொள்கையோடுதான் வந்தது. ஆனால் ஹட்சின்சன் செத்துப்போயிருந்தார்.

அதே நிறுவனத்தில், இந்த நூற்றாண்டில் கேட்கப்பட்ட மிகச் சிறந்த கேள்வியைக் கேட்டவர் பொருளியலாளர் அல்ல. 2008 நவம்பரில் புதுக் கட்டடத்தைத் திறக்க வந்த ராணி எலிசபெத், வங்கிகள் சரிந்ததைக் காட்டும் வரைபடங்களைப் பார்த்துவிட்டு, இது வருவதை ஏன் யாருமே கவனிக்கவில்லை என்றார். பிரிட்டிஷ் அகாடமி அறிஞர்களைக் கூட்டி விவாதித்து, எட்டு மாதம் கழித்து அவருக்குக் கடிதம் எழுதியது. ஒவ்வொருவரும் தன் பகுதியைச் சரியாகப் பார்த்தார்கள், மொத்த அமைப்புக்கு வரும் ஆபத்தைக் கற்பனை செய்ய ஒருவரும் இல்லை என்பது அதன் சாரம். மாலைதோறும் பொதுச் சொற்பொழிவு நடக்கும் இடத்தில் இந்தக் கேள்வியை முன்பே கேட்டிருக்க வேண்டும் அல்லவா என்ற எண்ணம் வருவதைத் தவிர்க்க முடியவில்லை.

நம் ஊரில் தொடக்கம் நன்றாகவே இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்கு முதல் பேராசிரியராக 1915-ல் வந்தவர் எல்.எஸ்.இ.யில் படித்த கில்பர்ட் ஸ்லேட்டர். தொழிலாளர்களுக்கான ரஸ்கின் கல்லூரியின் தலைவராக இருந்துவிட்டு வந்தவர். விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும் மாணவர்களிடம் கேள்விப் பட்டியலைக் கொடுத்து, உங்கள் கிராமத்தில் நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்று எழுதிவரச் சொன்னார். 1918-ல் அது நூலானது. அதில் இடம்பெற்ற இருவேல்பட்டு முதலிய கிராமங்களுக்கு 1930-களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் திரும்பப் போனார்கள். பின்னர் மால்கம் ஆதிசேஷையா 1971-ல் நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் போனார்கள். சர் வில்லியம் மேயர் பெயரிலான சொற்பொழிவுகளைச் சென்னைப் பல்கலைக்கழகமே நூலாக்கியது. சாக்கோட்டை கிருஷ்ணசாமி ஐயங்கார் தென்னிந்திய நிர்வாக அமைப்புகள் பற்றிப் பேசியது 1931-ல் அப்படி வந்ததுதான்.

இன்றைக்கு ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். பத்தரை என்று அழைப்பிதழில் போட்டிருக்கும். சிறப்பு விருந்தினர் வரப் பதினொன்றே கால். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை. பிறகு அறிமுகவுரை என்ற பெயரில் விருந்தினர் அனுப்பிய மூன்று பக்க விவரக்குறிப்பு அப்படியே வாசிக்கப்படும். பொன்னாடை, நினைவுப் பரிசு. மைக் அவர் கைக்கு வரும்போது பன்னிரண்டேகால். அரங்கை நிரப்ப இரண்டாமாண்டு மாணவர்களை வகுப்போடு கூட்டிவந்திருப்பார்கள், வருகைப் பதிவும் அங்கேயே. கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு செய்யும் நாக் குழுவின் கோப்புக்காக, இடமும் நேரமும் பதிவாகும்படி ஒருவர் போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார். ஒரு மணிக்குச் சாப்பாடு. கேள்வி இருந்தால் விருந்தினரைத் தனியாகச் சந்தித்துக் கேட்டுக்கொள்ளலாம் என்று நன்றியுரை சொல்பவர் அறிவிப்பார். தனியாகக் கேட்டால் அது எப்படிப் பொதுச் சொற்பொழிவு ஆகும்?

பணம் இல்லை என்பார்கள். உண்மைதான். நாற்பது ஆண்டுக்கு முன் ஒரு குடும்பம் பத்தாயிரம் ரூபாய் வைப்புநிதி போட்டிருந்தால் ஏழு சதவீத வட்டியில் இன்று கிடைப்பது எழுநூறு ரூபாய், ரயில் நிலையத்திலிருந்து டாக்ஸிக்குக் காணாது. ஆனால் கேள்வி நேரத்துக்குப் பணம் தேவையில்லை. கேள்வி கேட்கும் பழக்கம் நமக்கு இல்லாததும் அல்ல. சுயமரியாதை இயக்கக் கூட்டங்களில் எழுதிக் கொடுத்த கேள்விச் சீட்டுகளுக்கு மேடையிலேயே பதில் சொல்லும் வழக்கம் இருந்தது. படிப்பகங்களிலும் டீக்கடைகளிலும் வளர்ந்த அந்தப் பழக்கம் பல்கலைக்கழக வாசலில் மட்டும் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைக்கப்படுகிறது. உள்ளே பேசும் மொழி பெரும்பாலும் ஆங்கிலம் என்பது ஒரு காரணம். துணைவேந்தர் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பது இன்னொன்று.

கேட்கத் துணிந்த மாணவர்களுக்கு என்ன நடந்தது என்பதற்கும் அருகிலேயே உதாரணம் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம் 2015 ஏப்ரலில் அம்பேத்கரின் இன்றைய பொருத்தம் பற்றி ஒரு பேச்சுக்கு ஏற்பாடு செய்தது, துண்டறிக்கையும் வெளியிட்டது. கையெழுத்தில்லாத ஒரு புகார் மத்திய மனிதவள அமைச்சகத்துக்குப் போனது. மே மாதம் அந்த அமைப்பின் அங்கீகாரம் விலக்கப்பட்டது. நாடு முழுக்க எதிர்ப்பு எழுந்தது, ஜூன் முதல் வாரம் முடிவதற்குள் அங்கீகாரம் திரும்பவும் கிடைத்தது. அழைப்பிதழ் அடித்து, பொன்னாடை போர்த்தி, நிர்வாகமே நடத்தும் எந்தப் பொதுச் சொற்பொழிவும் தமிழ்நாட்டில் சமீபத்தில் இந்த அளவுக்கு விவாதத்தைக் கிளப்பியதாக எனக்கு நினைவில்லை.

கொரோனாவுக்குப் பிறகு பல பல்கலைக்கழகங்கள் தங்கள் சொற்பொழிவுகளை யூடியூபில் ஏற்றுகின்றன. லண்டனில் நடப்பதைத் திருநெல்வேலியில் உட்கார்ந்து கேட்கலாம், கேட்கிறேன். எல்.எஸ்.இ. பதிவுகளில் பேச்சுக்குப் பின் கூட்டத்தின் கேள்விகளும் இருக்கும். தலைவர் மூன்று மூன்றாகச் சேர்த்து வாங்குவார், கேட்பவர் பெயரைச் சொல்லிவிட்டுச் சுருக்கமாகக் கேட்க வேண்டும், பேருரை ஆற்றத் தொடங்கினால் மைக் போய்விடும். நம் பல்கலைக்கழகங்களின் பதிவுகள் பலவற்றில் வரவேற்புரை முழுதாக இருக்கிறது, பொன்னாடை போர்த்துவது முழுதாக இருக்கிறது. பேச்சு முடிந்ததும் கைதட்டல், பிறகு நாட்டுப்பண். முதலில் செய்ய வேண்டியது, வரவேற்புரையிலிருந்து இருபது நிமிடத்தை வெட்டிப் பேச்சுக்குப் பின்னால் சேர்ப்பது. இரண்டாவது, பேச்சோடு மாறுபடும் ஒருவரை மறுமொழி சொல்லக் கூப்பிடுவது. மூன்றாவது, பேசியதையும் கேட்டதையும் தமிழில் எழுதி முப்பது பக்கத்தில் அச்சிடுவது. பிரசன்ன குமார் தாகூர் இந்த மூன்றாவதை உயிலில் எழுதிவைத்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.